மார்லிஸ் விடாமல் பார்த்த படம்

மார்லிஸ் பின்வாசலில் நின்று பூட்ஸைக் கழற்றிக்கொண்டே கண்ணைத் துடைத்ததை ஆர்விட் டோலெஃப்சன் பார்த்துவிட்டார். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கையிலிருந்த செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"படம் எப்படி இருந்துச்சு?"

"மோசமில்ல."

ஆர்விட் படித்த வரியையே மறுபடியும் படித்தார். மினசோட்டாவில் அந்தப் பக்கத்து ஜனங்களிடம் 'மோசமில்லை' என்பதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது. கல்யாணத்தன்று ஆர்விட்டின் அப்பா புது மருமகளைப் பற்றிச் சொன்னதே அந்த ஒரு வார்த்தைதான். அதைக் கேட்டு மார்லிஸின் அம்மா ஆனந்தக் கண்ணீர் விட்டாள்.

அதே படத்தைத்தான் மார்லிஸ் போன வாரமும் பார்த்தாள். அதற்கு முந்தின வாரமும் பார்த்தாள். ஸ்டென்வில் ஊருக்கு இருப்பது ஒரே தியேட்டர், அதில் இருப்பது ஒரே திரை. வெள்ளி, சனி இரண்டு நாள்தான் படம். அந்த இரண்டு நாளும் மார்லிஸ் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு, வாசலில் குவிந்த பனியைத் தாண்டிக் கிளம்பிவிடுகிறாள். திரும்பி வரும்போது கண் சிவந்திருக்கிறது.

படத்தின் பெயர் 'ரோசலினின் புது வீடு'. குடும்பத்தோடு பார்க்க வேண்டிய நெஞ்சைத் தொடும் சித்திரம் என்று தியேட்டர் வாசலில் சுவரொட்டி சொன்னது. கதையை ஆர்விட் துண்டு துண்டாக மார்லிஸிடமிருந்து பிடுங்கி வைத்திருந்தார். ரோசலின் சிகாகோவில் ஒரு கணவனோடு வாழ்கிறாள். ஒரு நாள் காலையில் அவன் தட்டில் ரொட்டியை வைத்துவிட்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, கோட்டை மாட்டிக்கொண்டு போயே போய்விடுகிறாள். செத்துப்போன சித்தி விட்டுச்சென்ற பாழடைந்த விடுதி ஒன்று ஏரிக்கரையில் கிடக்கிறது. அதற்கு மஞ்சள் வண்ணம் அடித்து, கூரையைச் சரிபண்ணி, புதிதாக வாழ ஆரம்பிக்கிறாள். தாடி வைத்த தச்சன் ஒருவன் உதவிக்கு வருகிறான். கடைசியில் ஊரே ஒரு நீள மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிறது.

"அந்தக் கணவன் என்ன ஆனான்?" என்று ஆர்விட் கேட்டிருந்தார்.

"எவன்?"

"சிகாகோக்காரன்."

"அவனா? அப்புறம் அவன் வரவேயில்லையே. பேப்பர் படிச்சுக்கிட்டு உக்காந்திருப்பான், அவ்வளவுதான்."

ஆர்விட் தன் கையிலிருந்த பேப்பரை மெதுவாக மடித்து நாற்காலிக்கு அடியில் தள்ளினார்.

நேராகக் கேட்டிருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். 'ஏன் அழறே? என்னோட இருக்கப் பிடிக்கலையா?' என்று கேட்டால் ஒரு நிமிஷத்தில் முடிகிற காரியம். ஆனால் அந்த ஊரில் ஒருவர் மனதில் இருப்பதை இன்னொருவர் வாய்விட்டுக் கேட்பது, கதவைத் தட்டாமல் குளியலறைக்குள் நுழைவது மாதிரி. கட்டின மனைவியிடமும் அந்த மரியாதை உண்டு. ஆர்விட் அதை ஒரு நாளும் மீறியதில்லை.

அவளை அவருக்குப் பிடிக்கும். ரொம்பப் பிடிக்கும். அதைச் சொன்னதில்லை, அவ்வளவுதான். இந்த வீட்டை அவளுக்காக அவரே கட்டினார். தானியக் கிடங்கில் வேலை முடிந்து வந்து, சாயங்கால வெளிச்சத்தில் ஒவ்வொரு பலகையாக அடித்த வீடு. இப்போது அந்த வேலையையும் விட்டாயிற்று. அவள் ஒரு நாள் தட்டில் ரொட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டால், இத்தனை அறையிலும் தனியாக உட்கார்ந்து என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மார்லிஸ் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியதும், ஆர்விட் கொட்டகையிலிருந்து வண்ண டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். படம் முடிவதற்குள் சமையலறை முழுக்க மஞ்சள். நல்ல மஞ்சள். பள்ளிக்கூட பஸ் மஞ்சள்.

மார்லிஸ் உள்ளே வந்து, ஒரு கை பூட்ஸில் இருக்க அப்படியே நின்றாள்.

"அடேயப்பா" என்றாள்.

"கொஞ்சம் மாத்தினா நல்லாருக்கும்னு தோணுச்சு."

"வெளிச்சமாத்தான் இருக்கு."

"புடிக்கலன்னா சொல்லு."

"யாரு புடிக்கலன்னு சொன்னா? நீ இவ்வளவு கஷ்டப்பட்டு அடிச்சிருக்கே."

அதன் பிறகு காலைக் காபியை மட்டும் அவள் முன்னறைக்கு எடுத்துக்கொண்டு போய்க் குடித்தாள். மறுநாள் சனிக்கிழமை, வழக்கம்போலப் படத்துக்குப் போய்விட்டாள். சமையலறை மட்டும் போதாது போலிருக்கிறது என்று ஆர்விட் முடிவுக்கு வந்தார்.

உறைந்த ஏரியின் மேல் ஆர்விட்டுக்கு ஒரு மீன்பிடிக் குடிசை உண்டு. பனிக்கட்டியில் துளை போட்டுத் தூண்டிலை இறக்கிவிட்டு, இரண்டு ஆண்கள் எதிரெதிரே வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்காரலாம். துளையைப் பார்த்துக்கொண்டே பேசலாம், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அந்த ஊர் ஆண்கள் மனம் விட்டுப் பேசுவதெல்லாம் இப்படி மீனைப் பார்த்துத்தான். தியேட்டர்காரன் டுவேன் ஸ்கோக்லண்டை ஆர்விட் அங்கே வரவழைத்தார்.

டுவேன் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதன். போன வருஷம் மனைவி பெவ் இறந்ததும் தியேட்டரைப் பூட்டினவன், இலையுதிர் காலத்தில் மறுபடியும் திறந்திருந்தான்.

"தியேட்டர் எப்படிப் போகுது?" என்று ஆர்விட் துளையைக் கேட்டார்.

"போகுது. குறையொண்ணும் இல்ல."

"மார்லிஸ் வர்றா போல."

டுவேன் தூண்டிலை ஒரு தடவை ஆட்டினான். "வர்றாங்க. ஒரு காட்சி விடறதில்ல."

"ரசிச்சுப் பாக்கறாளா?"

"நடு வரிசையில உக்காருவாங்க. கடைசியில பேரெல்லாம் ஓடி முடிஞ்சு வெளக்குப் போடற வரைக்கும் எழுந்திருக்க மாட்டாங்க. அந்த மாதிரி ஒரு ஆளை நான் பார்த்ததேயில்லப்பா." பெருமூச்சு ஒன்று விட்டான். "அவங்களுக்கு அந்தப் படம்னா உசுரு."

ஆர்விட்டின் தூண்டிலில் ஏதோ கடித்தது. அவர் கவனிக்கவில்லை.

"தாடி வளத்தா எனக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

டுவேன் முதல் தடவையாகத் துளையிலிருந்து தலையைத் தூக்கி அவரைப் பார்த்தான். "உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

தாடி வந்தது, ஆனால் கன்னத்தின் ஒரு பக்கம் மட்டும். மார்லிஸ் தேவாலயத்தில் பக்கத்தில் உட்காரும்போது முடி இருக்கிற பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமை வந்தது, கோட்டை மாட்டினாள், கிளம்பினாள்.

இனிப் பொறுத்தால் ஆகாது என்று ஆர்விட்டுக்குப் பட்டது. அவள் தன்னை விட்டுவிட்டுப் புது வாழ்க்கை ஆரம்பிப்பதற்குள், தன்னையும் சேர்த்துக்கொண்டு ஆரம்பிக்க வைத்துவிட வேண்டும். வீட்டை விடுவதா, மனைவியை விடுவதா என்றால் வீடுதான் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை காபி நேரத்தில் தொண்டையைச் செருமினார்.

"வடகரையில ஒரு பழைய விடுதி விலைக்கு வருதாம். சுப்பீரியர் ஏரியைப் பார்த்த மாதிரி. நமக்கு எதுக்கு... சும்மா காதுல விழுந்துச்சு, சொன்னேன்."

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அந்த ஊரில் காபி வேண்டுமா என்று கேட்டால்கூட, முதலில் வேண்டாம் என்பார்கள். இரண்டாவது தடவை, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்பார்கள். மூன்றாவது தடவை, கொதிக்க வைத்துவிட்டீர்கள் என்றால் அரைக் கோப்பை போதும் என்பார்கள். கேட்டவுடனே சரி என்று யாராவது சொன்னால், அவர் அதற்காகத் தவித்துக்கொண்டிருந்தார் என்று அர்த்தம். ஆகவே ஆர்விட் குறைந்தது மூன்று மறுப்பையாவது எதிர்பார்த்துக் காத்திருந்தார். உள்ளூர அந்த மறுப்பை வேண்டிக்கொண்டே இருந்தார் என்றும் சொல்லலாம்.

மார்லிஸ் கோப்பையைக் கீழே வைத்தாள். மஞ்சள் சுவரைப் பார்த்தாள். பிறகு அவருடைய தாடியைப் பார்த்தாள்.

"போய்ப் பாக்கலாமே" என்றாள்.

ஒரு மறுப்புக்கூட இல்லை.

"உனக்கு இஷ்டம்னா எனக்குச் சரிதான்."

"உனக்குச் சரின்னா எனக்கும் சரிதான்."

"அப்ப சரி."

"சரி."

இப்படியாக, ஆளுக்கு இரண்டு 'சரி'யில் ஆயுசுக்கும் இருந்த வீடு கைமாற ஏற்பாடாயிற்று.

விடுதியைக் காட்ட வந்தவள் சார்லீன் பாக்கி. வீடு, நிலம் வாங்கி விற்றுக் கொடுப்பவள், நல்ல பெண், ஆனால் அவளுக்கே அந்த விடுதியைக் காட்டக் கூச்சமாக இருந்தது. கூரையில் ஒரு ஓட்டை. அதற்கு நேர்கீழே தரையில் இன்னொரு ஓட்டை. மாடி அறையில் கறுப்பு முகமூடி போட்ட மாதிரி முகத்தோடு ஒரு காட்டு ரக்கூன் குடியிருந்தது, அது இவர்களைப் பார்த்து யார் நீங்கள் என்பது போல உறுமியது.

"நல்ல காத்தோட்டம்" என்றாள் மார்லிஸ், கூரை ஓட்டையை அண்ணாந்து பார்த்து.

"வேலை வச்சாலும் செய்யற மாதிரி வேலைதான்" என்றார் ஆர்விட். அவர் இடுப்பு, வண்டியிலிருந்து இறங்கினதிலிருந்தே வலித்துக்கொண்டிருந்தது.

"வேற இடமும் காட்டறேன். அவசரமே இல்ல" என்றாள் சார்லீன் கெஞ்சாத குறையாக.

"எதுக்கும்மா உனக்குச் சிரமம்? இதுவே மோசமில்ல" என்றாள் மார்லிஸ்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் ஆர்விட்டுக்கு இருந்த கொஞ்ச நஞ்ச நம்பிக்கையும் போயிற்று. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது என்பார்களே, இங்கே ரக்கூனாக முடிந்திருந்தது.

வீட்டு வாசலில் 'விற்பனைக்கு' என்று பலகை நட்டார்கள். பூமி உறைந்து கிடந்ததால் அது லேசில் இறங்கவில்லை. சார்லீனுக்கு உதவியாக ஆர்விட்டே சம்மட்டியால் அடித்து இறக்கினார். தன் கல்லறைக் கல்லைத் தானே நட்டுக்கொள்வது போல இருந்தது அவருக்கு. "ஆழமா இறங்கிடுச்சு, நன்றி" என்றாள் அவள்.

வாங்க ஆள் வராது என்று ஒரு நப்பாசை இருந்தது. வந்தார்கள். அதுவும் உடனே வந்தார்கள். திங்கட்கிழமை கையெழுத்து என்று பேச்சாயிற்று.

ஊர் முழுக்க வருத்தம். பால் வாங்கப் போனால் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு, "போறீங்களாமே" என்றார்கள். ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் சந்தோஷம் தாங்கவில்லை. டுவேன் ஸ்கோக்லண்டுக்கு.

"புது வாழ்க்கை! கொடுத்து வச்சவங்கப்பா நீங்க!" என்று ஆர்விட்டின் முதுகில் தட்டினான். சாமான் கட்ட அட்டைப்பெட்டிகள் கொண்டுவந்து இறக்கினான். "லாரி வேணுமா? என் மச்சான்கிட்ட இருக்கு. எப்பக் கிளம்பறீங்க? அடுத்த வெள்ளிக்கிழமைக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடிதான்."

"அருமை, அருமை!"

சிநேகிதன் இப்படித் துள்ளிக் குதித்தது ஆர்விட்டுக்குப் பொறுக்கவில்லை. கூடப் படித்தவன், கூட மீன் பிடித்தவன், பெவ் இறந்தபோது இவர் தோளில் சாய்ந்தவன். இவர்கள் போகிறார்கள் என்றால் ஒரு சொட்டுக் கண்ணீராவது விடக்கூடாதா? ஆனால் அதையும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் இல்லையே.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பிரிவு விருந்து. ஆளுக்கொரு ஹாட்டிஷ் கொண்டுவந்திருந்தார்கள். அதாவது இறைச்சியும் காளான் சூப்பும் கலந்து, மேலே உருளைக்கிழங்கு உருண்டைகளை அடுக்கி, அடுப்பில் வேகவைத்த சமாச்சாரம். கல்யாணமா, கருமாதியா என்பதை அதைப் பார்த்துச் சொல்ல முடியாது, இரண்டுக்கும் அதேதான். டுவேன் தன் கையாலேயே பிரவுனி என்ற சாக்லெட் கேக் துண்டுகள் செய்து கொண்டுவந்திருந்தான். ஆண்டவர் வீட்டில் ஆனந்தமாக விசிலடித்துக்கொண்டு, காபிக் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு மேஜை மேஜையாகப் போனான், அது காலியானதும் நிரப்பச் சமையலறைக்குள் போனான்.

தட்டில் கடைசியாக ஒரு பிரவுனி மிஞ்சியது. கடைசித் துண்டை எடுப்பது மரியாதையில்லை என்பதால் ஒருவர் அதைப் பாதியாக வெட்டிப் பாதியை எடுத்தார். அடுத்தவர் மீதியைப் பாதியாக வெட்டினார். போதகர் எழுந்து நின்றபோது தட்டில் ஒரு விரல் நகத்தளவு மிஞ்சியிருந்தது, அதையும் ஒரு அம்மாள் கத்தியோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆர்விட் ரெண்டு வார்த்தை பேசுவார்" என்றார் போதகர்.

ஆர்விட் எழுந்தார். நாலு வரி மனப்பாடம் பண்ணி வைத்திருந்தார். ஊருக்கு நன்றி, ஆண்டவருக்கு நன்றி, எல்லாரும் விடுதிக்கு வாருங்கள். எதிரே எல்லாரும் ஒரு நீள மேஜையில் உட்கார்ந்து அவரைப் பார்த்தார்கள். தெரிந்த முகங்கள். மார்லிஸ் மடியில் கைக்குட்டையைச் சுருட்டிக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்..." என்றார். மனப்பாடம் எங்கோ போய்விட்டது. "எனக்குப் போக இஷ்டமில்ல."

கூட்டத்தில் யாரோ முள்கரண்டியைக் கீழே போட்டார்கள். அந்த ஊரில் ஒரு மனுஷன் தனக்கு வேண்டியதைப் பலர் அறிய இப்படி நேராகச் சொல்லி யாரும் கேட்டதில்லை. போதகர் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு அந்த வீடு வேணும். அந்த ஏரி வேணும்" என்றார் ஆர்விட். "ஆனா அதையெல்லாம் விட மார்லிஸ் வேணும். அவ போறான்னா நானும் போறேன். அவ்வளவுதான்." சொல்லிவிட்டு, தொப்பென்று உட்கார்ந்தார்.

மார்லிஸ் தலையைத் தூக்கினாள். "நான் எங்க போறேன்?"

"புது வாழ்க்கைக்கு."

"எனக்கெதுக்குப் புது வாழ்க்கை? பழசே இன்னும் முடியல." அவள் முகம் சிவந்தது. "நீதானே போகணும்னு துடிச்சே! திடீர்னு மஞ்சள் அடிச்சே. தாடி வளத்தே. விடுதின்னே. வேலையை விட்டதுலேருந்து இவருக்கு வீட்டுல மூச்சு முட்டுது போலன்னு நெனச்சேன். ஆசைப்படற மனுஷனைத் தடுக்கக் கூடாதேன்னு வாயைப் பொத்திக்கிட்டேன். அந்தக் கூரை ஓட்டையைப் பார்த்துட்டு வந்து நாலு நாள் தூங்கல!"

பக்கத்து மேஜையில் சார்லீன் எழுந்து நின்றாள். "அப்ப நாளைக்குக் கையெழுத்து வேண்டாமா? வாங்க வந்தவங்ககிட்ட நான் சொல்லிக்கறேன். வேற வீடு நிறைய இருக்கு." குரலில் அவ்வளவு நிம்மதி. "பலகையையும் வந்து பிடுங்கிடறேன்."

"அது வராது. ஆழமா அடிச்சிட்டேன்" என்றார் ஆர்விட்.

ஜனங்கள் ரொம்ப மரியாதையாக அவரவர் தட்டைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஆர்விட் மார்லிஸின் கையைப் பிடித்தார். பலர் முன்னிலையில் அவர் அப்படிக் கடைசியாகப் பிடித்தது கல்யாணத்தன்றுதான். ஆனால் ஒரு விஷயம் இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது. இன்றைக்குத்தான் கேட்கிற தைரியம் வந்திருக்கிறதே, விடுவானேன் என்று கேட்டேவிட்டார்.

"அப்ப அந்தப் படம்? வாரா வாரம் போய் அழுதுட்டு வந்தியே?"

"யாரு அழுதா?" மார்லிஸ் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "கொட்டாவி விட்டு விட்டுக் கண்ணுல தண்ணி. அதைப் போய் எத்தனை தடவைதான் பாக்கறது? ரோசலின் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி வசனம் எனக்கு வந்துடுது."

"பின்ன எதுக்குப் போனே?"

"டுவேனுக்காகத்தான். பாவம், பெவ் போனதுக்கப்புறம் இப்பத்தான் மனசு தேறித் தியேட்டரைத் தெறந்திருக்கான். முதல் வாரத்துக்கப்புறம் ஒரு ஈ காக்கா வரல. அவனுக்கு என்னமோ அந்தப் படம்னா அப்படியொரு பிரியம், மாத்தவே மாட்டேங்கறான். வெறும் நாற்காலிக்குப் படம் ஓட்டினா அவன் மனசு என்ன பாடுபடும்? யாராவது ஒருத்தர் உக்காந்திருக்க வேண்டாமா?"

ஆர்விட்டுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சிகாகோக்காரனுக்கு இல்லாத பாக்கியம் தனக்கு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து டுவேன் காபிக் கெட்டிலோடு சமையல் பக்கத்திலிருந்து வந்தான். உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததில் அவன் காதில் எதுவுமே விழவில்லை.

"என்ன, எல்லாரும் கப்சிப்னு இருக்கீங்க?"

"நல்ல செய்திப்பா" என்றார் ஆர்விட், அவன் தோளைப் பிடித்து. "நாங்க போகல. இங்கேயேதான் இருக்கப் போறோம்."

டுவேனின் முகம் விழுந்துவிட்டது. கெட்டிலை மேஜையில் வைத்தான். ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். பிறகு மார்லிஸை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, ஆர்விட்டின் காதோரம் குனிந்து ரகசியமாகச் சொன்னான்:

"தப்பா நெனக்காதப்பா, எனக்கு அந்தப் படம் முதல் நாளே சகிக்கல, உன் வீட்டம்மா ஒருத்தங்க அவ்வளவு ஆசையா வர்றாங்களேன்னுதான் இத்தனை வாரமா மாத்தாம ஓட்டிக்கிட்டிருக்கேன்."